ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றது

அக்டோபர் 16, புதன்

கோமுவின் அறையைத் திறந்து, கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த போர்வையை எடுத்தேன். மே மாதத்துக்குப் பிறகு நான் அதைத் தொட்டதில்லை. ஜூனில் அவன் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து ஏதோ ஃபைல் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று நன்றாகத்தான் ஓடியது. இன்று பொத்தானை அமுக்கினால் ஒன்றுமில்லை. விளக்கு எரியவில்லை, காத்தாடி சுற்றவில்லை. கட்டைபோல் நிற்கிறது.

இவரிடம் போய்ச் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "கெடந்துட்டுப் போட்டும், உலகு" என்றார். அவ்வளவுதான் மனுஷன். கல். பெற்ற பிள்ளை போய்ச் சேர்ந்தபோதே கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. கம்ப்யூட்டருக்கா வரப்போகிறது?

எனக்கு அது ஓடவேண்டும். ஏன் என்று எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே மறந்துவிடக்கூடாது. மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மதுரைக்குக் கிளம்பி பைக்கை உதைத்துவிட்டு, கேட்டில் நின்றபடி சொன்னான்: "ஞாயித்துக்கெழம எந்த வேலையும் வச்சுக்கிடாதம்மா. கம்ப்யூட்டர் முன்னால வந்து உக்காரணும். ஒண்ணு காட்டணும்."

"என்னல, ராக்கெட்டா?" என்றேன்.

"அதவிடப் பெருசு" என்று சிரித்துக்கொண்டே போனான். சனிக்கிழமை திரும்பி வரும்போது கோவில்பட்டி பைபாஸில் லாரி அடித்துவிட்டது. போனும் அவனோடு நொறுங்கிப் போயிற்று. இனி அந்த ஒன்று என்னவாக இருந்தாலும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எனக்குச் சாவு வராது.

அக்டோபர் 17, வியாழன்

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு காலம் கழித்தவள். எந்த லைன் செத்திருக்கிறது, எந்த லைன் மூச்சு வாங்குகிறது என்று காதாலேயே சொல்வேன். இந்தப் பெட்டி எனக்கு எம்மாத்திரம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் சுவரில் கரண்ட் வருகிறதா என்று டேபிள் லைட்டைச் செருகிப் பார்த்தேன். எரிந்தது. ஒயரை மாற்றிப் பார்த்தேன். அதிலும் குறையில்லை. பிறகு பெட்டியைத் திருப்பினால், பின்பக்கம் ஒயர் செருகுமிடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அணைந்திருந்தது. தட்டிவிட்டு முன்னால் வந்து பொத்தானை அமுக்கினேன். காத்தாடிகள் சுற்றின. உள்ளே சிவப்பும் நீலமுமாகக் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி எரிந்தது. திரைதான் கருப்பாகவே இருந்தது. அரைமணி நேரம் காத்திருந்தேன். கருப்புதான்.

பின்னாலிருக்கிற அந்தச் சுவிட்சை யார் அணைத்தது? இவரைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விட்டார்.

இது கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் இல்லை. கொரோனாவில் எல்லாரும் வீட்டோடு கிடந்தபோது ஒவ்வொரு சாமானாகத் தபாலில் வரவழைத்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, அவனே கூட்டிக் கட்டியது. எங்களுக்குச் சாப்பாடெல்லாம் அப்போது தரையில்தான். இவர்தான் டார்ச் பிடித்தார். "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம்." "அப்பா, ஆட்டாதிய." முதல்முதலில் அது ஓடியபோது அப்பனும் பிள்ளையும் போட்ட கூத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டாள்.

அக்டோபர் 18, வெள்ளி

பூஜை அலமாரியைத் துடைத்தேன். சந்தன டப்பா சரியாக மூடாமல் கிடந்து காய்ந்து போயிருக்கிறது. வருஷம் திரும்பும்வரை இந்த வீட்டில் பண்டிகை கிடையாது, பூஜை கிடையாது என்று சொல்லி நான்தானே அலமாரியைப் பூட்டினேன். போன வாரம் ஆயுத பூஜைக்குக்கூட அரிவாள்மனைக்கு ஒரு பொட்டு வைக்கவில்லை. அன்று முழுக்க நான் பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டில்தான் இருந்தேன்.

சந்தனத்தை யார் எடுத்தது என்று கேட்டேன். வேர்க்குருவுக்குத் தடவினாராம். ஐப்பசி மழை பிறந்த பிறகு வேர்க்குரு வருகிற உடம்பு உலகத்திலேயே இவர் ஒருவருக்குத்தான்.

இஸ்திரி போடுகிற சுடலைமுத்து தெருவில் நின்று "துணி இருக்காம்மா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் மாம்பழக் கலர் பட்டை விழுங்கியவன் அவன். எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு எடுத்த புடவை, அரக்கு பார்டர். பங்குனியில் இஸ்திரிக்குக் கொடுத்தது திரும்பி வரவே இல்லை. கேட்டால் "தம்பி கையிலதாம்மா குடுத்தேன்" என்று சாதித்தான். கோமுவைக் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும் சேலையப் பத்தி" என்றான். என் பிள்ளை தலையில் பழியைப் போடுகிறாயா என்று அன்றைக்குத் தெருவே கூடும்படி சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அதோடு அவனுக்குத் துணி கொடுப்பதை நிறுத்தியாயிற்று.

அக்டோபர் 21, திங்கள்

கம்ப்யூட்டர் கடைக்காரரை வரச்சொல்லியிருந்தேன். வந்தார். பொத்தானை ஒருமுறை அமுக்கினார், உதட்டைப் பிதுக்கினார், "மதர்போர்டு போயிட்டும்மா" என்றார். திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்கு எடுத்துக்கொண்டு போய், உள்ளே இருக்கிறதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறாராம்.

"அழிச்சிட்டா?" என்றேன்.

"ஆமாம்மா, அப்பதான் க்ளீனா இருக்கும்."

காபிகூடக் கொடுக்கவில்லை. போய்வாரும் ஐயா என்று அனுப்பி வைத்தேன். அவர் போன பிறகு பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பயந்துவிட்டேன், வேறொன்றுமில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடி எடுத்தேன். ஜெனிட்டா. சென்னை ஆபீஸில் கோமுவோடு வேலை பார்த்தவள், சொந்த ஊர் வள்ளியூர். கோமு மாதத்தில் பாதி நாள் இங்கே வீட்டிலிருந்தபடிதான் அந்த வேலையைப் பார்ப்பான். துட்டி வீட்டுக்கு ஆபீஸ் ஆட்கள் வேனில் வந்தபோது அவளும் வந்தாள். எல்லாரும் உள்ளே வந்து மாலை போட்டார்கள். அவள் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அழவும் இல்லை. இதென்ன பெண் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது நினைவிருக்கிறது. பதினாறாம் நாள் கழித்துப் போன் செய்து, "ஏதாவது உதவி வேணும்னா கேளுங்க, ஆன்ட்டி" என்று சொல்லி நம்பர் தந்தாள்.

இன்று கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. பிறகு கேட்டாள்: "ஆன்ட்டி, அத யாருகிட்டயும் குடுத்துரலைல்லா?"

"குடுப்பனா?"

"குடுத்துராதிய. நான் சொல்லித் தாரேன். நாம ரெண்டு பேரும் பாப்போம்."

எதற்காக எனக்கு அது ஓடவேண்டும் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கதையை முழுக்கச் சொன்னேன். என்ன காட்ட நினைத்தான், உனக்கு ஏதாவது தெரியுமா, உன்னோடு வேலை பார்த்தவன்தானே என்று கேட்டேன். தெரியாது என்றாள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த காதுக்குச் சில விஷயங்கள் கேட்கத்தான் செய்யும். சளி பிடித்திருக்கும் போல, தொண்டை கட்டியிருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். திரைக்குப் போகிற ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னாள். இன்னொரு ஓட்டையில் செருகச் சொன்னாள். திரையைத் தனியாக எரிய வைக்கச் சொன்னாள். திரையில் குறை இல்லை, பெட்டியிலிருந்துதான் ஒன்றும் வரவில்லை.

நல்ல பொறுமைசாலி. "எது சொன்னாலும் பயப்படாதிய. கோமு எடுத்த படமெல்லாம் உள்ள தனியா ஒரு துண்டுல இருக்கும், இது ஓடாட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆபீஸில் அவன் எல்லாருக்கும் சங்கர். சர்ட்டிஃபிகேட்டில் கோமதிசங்கர். கோமு என்று கூப்பிடுவது நாங்கள் இரண்டு பேர்தான். அவனே எப்போதாவது சொல்லியிருப்பான்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கதவைச் சாத்தி வைத்துக்கொண்டோம். டீச்சர் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல மனதில்லாமல் வாங்கி வைத்தேன். இவர் இரண்டு தின்றார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஒங்களுக்குத் தொண்டையில எறங்குதா?" என்று கேட்டுவிட்டேன். மீதியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கை கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

ஜெனிட்டா போன் எடுப்பதில்லை. மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன். நாம் இரண்டு பேரும் பார்ப்போம் என்று அவள்தானே சொன்னாள்? வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கிழவி பஞ்சாயத்தெல்லாம் எத்தனை நாளைக்கு? சரி, அவளும் வேண்டாம். நானே கழற்றுகிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். எதைக் கழற்றுவது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, சனி

அவள் கூப்பிட்டாள். வள்ளியூரில் வீட்டில் இருக்கிறாளாம். எடுத்தவுடனே நான் பொரிந்து தள்ளினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில், "வீட்ல கல்யாணம் பேசி முடிச்சிட்டாங்க, ஆன்ட்டி" என்றாள். மாப்பிள்ளை தூத்துக்குடி, துறைமுகத்தில் வேலை. ஜனவரி இருபதாம் தேதி கல்யாணம். அதற்கு முந்தின ஞாயிறுகளில் அவர்கள் மாதாகோயிலில் ஓலை வாசிப்பார்களாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று சபை முன்னால் மூன்று வாரம் கேட்பது அவர்கள் வழக்கம்.

"நல்ல விஷயந்தானளா, அதுக்கா போன எடுக்கல?" என்றேன்.

"அதுக்குள்ள கம்ப்யூட்டர ஓட வச்சிருவோம். ஓலை வாசிக்கதுக்கு முன்ன. எனக்கு அது ஓடணும்" என்றாள்.

அவளுக்கு எதற்கு ஓடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 13, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் வீடியோவில் வந்தாள். முகம் வாடியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம். கல்யாணப் பெண் மாதிரியா இருக்கிறாள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். போனைப் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் சொன்னபடி கரண்டை நிறுத்தி, பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். இரண்டு திருகு ஏற்கெனவே லூசாகத்தான் இருந்தது. பிறகு கரண்டைக் கொடுத்து, உள்ளே பலகையின் ஓரத்தில் குட்டி விளக்கு ஏதாவது எரிகிறதா என்று பார்க்கச் சொன்னாள். குந்துமணி அளவுக்கு ஒன்று மஞ்சளாக எரிந்தது.

"கடவுளே, மதர்போர்டு இல்ல" என்றாள். "அது ரேம்தான், ஆன்ட்டி. ரெண்டு பட்டை நிக்குதுல்லா, சீப்பு மாதிரி? அதுல ஏதோ சரியாச் சேரல. கரண்ட நிறுத்திட்டு வெளிய எடுங்க. ரெண்டு ஓரத்துலயும் கொக்கி இருக்கும், வெளிப்பக்கமாத் தள்ளுங்க."

எடுத்தேன். கீழ்விளிம்பில் பொன்னிறமாக வரிசையாகப் பல் இருக்கிறது. அந்தப் பல்லின் மேல் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது.

"துரு ஏறிட்டுளா" என்று போனுக்கு நேராகக் காட்டினேன்.

அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். "துரு இல்ல, ஆன்ட்டி" என்றாள். "சந்தனமும் குங்குமமும்."

இரண்டாவது பட்டையை எடுத்தேன். அதிலும் அதே. மேலே தகட்டில் அழகாக ஒரு பொட்டு. அது ஈரமாக வைத்த பொட்டு, வழிந்து பல்லுக்குள் இறங்கியிருக்கிறது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கோமு இந்தக் கதவைத் திறந்து தூசி ஊதுவான். அந்தப் பட்டையை வெளியே எடுத்து, பல்லைத் தன் விரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் நீட்டுவான். "இதுல வைங்கப்பா, இதுதான் தட்டையா இருக்கு." இவர் குளித்து, திருநீறு பூசி, மோதிர விரலால் ஒரு பொட்டு வைப்பார். அவனே திரும்ப மாட்டுவான். அப்பனும் பிள்ளையும் மட்டும் செய்கிற பூஜை அது, என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வருஷம் விரலால் மறைத்துப் பிடிக்க ஆள் இல்லை.

நான் தங்கச்சி வீட்டில் இருந்த அன்றைக்கு, இந்த மனுஷன் பின்பக்கத்துச் சுவிட்சை அணைத்து, தனியாகக் கதவைக் கழற்றி, பட்டையை எடுத்துப் பொட்டு வைத்து, திரும்பச் செருகியிருக்கிறார். வேர்க்குருவாம்.

"ஆன்ட்டி? லைன்ல இருக்கியளா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அடுக்களைக்குப் போய்க் காபி போட்டேன். இவர் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைக் கொடுத்தபோது என் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதனாலயா ஓடல?" என்றார்.

நான் பல்லைத் திருப்பிக் காட்டினேன்.

"நான் வச்சதாலயா, உலகு? அவன் சொன்னதுபோலதான் எடுத்தேன். எல்லாத்தையும் சும்மா விட்டுட்டோம், அவன் கையால செஞ்சது, அதுக்கு மட்டுமாவது ஒரு பொட்டு வைப்போம்னு..." காபி டம்ளரை நான் வாங்கித் துவைக்கிற கல்மேல் வைத்தேன். அதன் பிறகு இவர் அழுதார். நான் இவரைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து கேட்டிராத சத்தம். இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நானும் அழுதேன். பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தமுறை ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் இவரைக் கல் என்று இந்த டைரியில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேனோ.

நவம்பர் 14, வியாழன்

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய வேட்டியை விரித்து, பட்டை இரண்டையும் அதில் வைத்தோம். ஜெனிட்டா பள்ளிக்கூடத்து ரப்பர் வாங்கி வரச்சொல்லியிருந்தாள். பென்சில் அழிக்கிற அதே வெள்ளை ரப்பர்தான். அதை வைத்துப் பல்லை லேசாகத் தேய்க்கவேண்டும், தண்ணீர் ஆகாது, கைவிரல் படக்கூடாது.

நான் தேய்த்தேன், இவர் டார்ச் பிடித்தார். "ஆட்டாதிய" என்று என் வாயில் தன்னால் வந்துவிட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சந்தனம் போய்ப் பொன்னிறம் வந்தது. பட்டை நின்ற பள்ளத்துக்குள் ஒட்டியிருந்த தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். தகட்டின் மேலிருந்த பொட்டையும் துடைக்கவா என்று ஜெனிட்டாவைக் கேட்டேன்.

"மேல இருக்கது ஒண்ணும் செய்யாது, ஆன்ட்டி. அது இருக்கட்டும்" என்றாள்.

ஒரு பட்டையை மட்டும் முதலில் செருகச் சொன்னாள். டக் என்று சத்தம் கேட்கும்வரை அமுக்கவேண்டும். எனக்கு அழுத்தப் பயமாக இருந்தது, இவர்தான் அமுக்கினார். கேட்டது. பொத்தானை நான் அமுக்கினேன். காத்தாடி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மஞ்சள் விளக்கு எரிந்து, எரிந்து, அணைந்தது. திரையில் எழுத்து வந்தது.

"வந்துட்டு" என்று இவர் சொன்னார். முதல்முதலில் இது ஓடிய அன்றைக்குப் போட்ட கூத்தை நினைத்தேன்.

பிறகு நாலு எண் கேட்டது. ஜூனில் வந்தவர்கள் யாரிடமோ போனில் கேட்டுத்தான் திறந்தார்கள், எனக்கெப்படித் தெரியும்? "இதென்ன நம்பர் கேக்கு?" என்றேன் போனில்.

அவள் யோசிக்கவே இல்லை. "ஒம்பது, நாலு, ஒம்பது, ரெண்டு" என்றாள். போட்டேன், திறந்தது.

திரை நடுவில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் கீழே 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தான். எலியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எனக்குக் கை ஓடவில்லை. இவர்தான் அமுக்கினார். உள்ளே ஒரே படம்.

அவர்கள் ஆபீஸ் மாடிப்படி போலிருக்கிறது. என் மாம்பழக் கலர் பட்டு. அரக்கு பார்டர். அதைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். ரவிக்கை பொருத்தமில்லை, கையில் கிடைத்த கருப்பு ரவிக்கையைப் போட்டிருக்கிறாள். முந்தானை மடிப்பு ஒழுங்கில்லை, பட்டுக் கட்டிப் பழக்கமில்லை போல. கோமு அவள் காலடியில் குனிந்து உட்கார்ந்து, கொசுவத்தை இரண்டு கையாலும் நீவிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். என் பிள்ளை. எனக்கு ஒருநாள் கொசுவம் பிடித்துவிட்டதில்லை.

"இது ஒன் சேலைல்லா" என்றார் இவர்.

"ஆமா."

"அந்தப் பிள்ளைக்கு நல்லாருக்கு" என்றார்.

போன் பாட்டிலில் சாய்ந்தபடியே இருந்தது. அதில் முகம் தெரியவில்லை, வீட்டுக் கூரைதான் தெரிந்தது. போனை எங்கேயோ படுக்க வைத்துவிட்டாள். விசும்பல் மட்டும் கேட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். "சாப்பிட்டியாளா?" என்று கேட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். அவன் மாத்திரம் பக்கத்தில் நின்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். இரண்டு நாள் கத்தியிருப்பேன். மூன்றாம் நாள் ரவிக்கை தைக்க அளவு கேட்டிருப்பேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஜெனிட்டா கூப்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலையாம். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். நல்ல மாதிரியாம், அதிகம் பேசமாட்டாராம். அதிகம் பேசாதவர்களைக் கல் என்று நினைத்துவிடாதே என்று சொன்னேன். சரி என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "ஆன்ட்டி, ஒங்க சேலை... ஒழுங்கா மடிச்சு, ஒரு வேட்டித் துணியில சுத்தித்தான் வச்சிருக்கேன். கொரியர்ல அனுப்பட்டா?"

"மடிச்சா வச்சிருக்க?"

"ஆமா."

"பட்ட ஒரே மடிப்புல வச்சிருந்தா அந்த இடத்துல இத்துப்போகும்ளா. மாசம் ஒருக்க பிரிச்சு மாத்தி மடிக்கணும். வெயில்ல காட்டாத, நெழல்ல காத்தாடப் போடு. பாச்சா உருண்டை வைக்காத, சரிகை கருத்துப் போகும்."

"அப்போ... அனுப்ப வேண்டாமா?"

"மாத்தி மடின்னு சொல்லுதேன்லா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஆனால் லைன் போகவில்லை, எனக்குத் தெரியும்.

"சரி, அத்தே" என்றாள்.

எனக்கும் தொண்டை கட்டிவிட்டது. சளிதான்.

ஜனவரி 20, திங்கள்

இன்று பத்து மணிக்கு அங்கே கல்யாணம். வருஷம் திரும்பாத வீடு, நாங்கள் போகக்கூடாது. போவதாக இருந்தாலும் யார் என்று சொல்லிக்கொண்டு போவது?

காலையில் குளித்துவிட்டு, மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்த துணியையெல்லாம் மூட்டை கட்டினேன். இவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். சுடலைமுத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இந்தம்மா மறுபடி சண்டைக்கு வருகிறாளோ என்று நினைத்திருப்பான்.

"நீ சொன்னது சரிதான், சுடலை. தம்பி கையிலதான் குடுத்திருக்க" என்றேன்.

"சேலை கெடச்சிட்டாம்மா?"

"கெடச்சிட்டு."

"அப்பாடா. நான் கும்புடாத சாமி இல்லம்மா. எங்கன இருந்துச்சு?"

தேர்முக்குப் பக்கம் ஏதோ கோயில் மணி அடித்தது. நான் இவரைப் பார்த்தேன். இவர் மூட்டையை வண்டி மேல் இறக்கி, முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மருமவ கிட்ட இருக்கு" என்றேன்.